நம்ம லயத்தில் பெண்கள் கூட்டம் தொடங்குவது எப்படி

ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி கடைசியில் கேரளத் தேயிலை மலையில் உள்ள மூணாறு, வண்டிப்பெரியாறு, குமுளி பக்கத்திலிருந்து எனக்குப் போன் வரும். "அக்கா, மார்ச் எட்டுக்கு எங்க டிவிஷன்ல ஏதாவது பண்ணணும், எங்கேருந்து தொடங்குறது?" கேட்பவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண்கள், தேனியிலோ கோயம்புத்தூரிலோ படிப்பை முடித்துவிட்டு மலைக்குத் திரும்பி வந்தவர்கள். டிவிஷன் என்றால் எஸ்டேட்டின் ஒரு பிரிவு, லயம் என்றால் அங்கே தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். ஒவ்வொருவருக்கும் போனில் பாதி சொல்லி, பாதி மறந்து, கடைசியில் பஸ்ஸுக்கு நேரமாகி வைத்துவிடுகிறேன். அதனால் தெரிந்ததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதுகிறேன். நான் மூணாறு டவுனில் தையல் வேலை செய்கிறவள். அம்மா கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், 2015 செப்டம்பரில் போனஸ் கேட்டு ரோட்டில் உட்கார்ந்த ஆயிரக்கணக்கான தோட்டப் பெண்களில் அவரும் ஒருத்தர். பெண்கள் கூட்டம் நடத்துகிற இந்த வேலைக்கு நான் வந்தது அந்த வருஷத்துக்கு அப்புறம்தான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி கடைசியில் யோசிக்கத் தொடங்கினால் மார்ச் 8 பெண்கள் தினத்துக்கு ஒரு கோலப்போட்டிதான் நடத்த முடியும். கோலம் போடுவதில் ஒரு தப்பும் இல்லை, ஆனால் இந்த நாள் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதோடு நிறுத்த மனசு வராது. 1917-இல் இதே தேதியில் ரஷ்யாவின் பெத்ரோகிராத் நகரத்து ஆலைப் பெண்கள் ரொட்டி கேட்டு வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். கூலிக்காரப் பெண்களின் நாள் இது, நம்ம நாள். அதனால் நவம்பரிலேயே தொடங்குங்கள். நவம்பர் 25 பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான நாள், அதிலிருந்து டிசம்பர் 10 மனித உரிமை நாள் வரை பதினாறு நாள் உலகம் முழுக்கப் பெண்கள் எதையாவது செய்கிறார்கள். அந்தப் பதினாறு நாளில் ஒரே ஒரு சின்னக் கூட்டம் போதும். மழையும் அதற்குள் ஓய்ந்திருக்கும்.

மூன்று பேர்

உங்களோடு சேர்த்து மூன்று பேர் இருந்தால் தொடங்கலாம். ஆனால் மூன்று பேரும் ஒரே கல்லூரி, ஒரே வயசு, ஒரே லயமாக இருக்கக் கூடாது. ஒருத்தர் இன்றைக்கும் கொழுந்து பறிக்கிறவராக இருக்கட்டும், இன்னொருத்தர் அடுத்த டிவிஷனில் இருக்கட்டும். வயசில் மூத்தவர் ஒருவராவது வேண்டும், ஏனென்றால் எந்த வீட்டில் எப்போது கதவைத் தட்டலாம், எந்த வீட்டில் புருஷன் இருக்கும்போது பேச்சைத் தொடங்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அந்த அறிவு நம்ம பட்டப்படிப்பில் கிடையாது.

கேரள அரசின் பெண்கள் சுயஉதவித் திட்டமான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டம் ஏற்கெனவே இருக்கிறதே, அப்புறம் எதற்குத் தனிக் கூட்டம் என்று பலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இல்லாவிட்டால் நம்ம அம்மாக்கள் வாராவாரம் ஒரு இடத்தில் உட்காரும் பழக்கமே வந்திருக்காது. பத்து முதல் இருபது பெண்கள் வரை உள்ள அயல்கூட்டம், அதற்கு மேலே வார்டு அளவில் ஏ.டி.எஸ். என்கிற பகுதி வளர்ச்சிச் சங்கம், பஞ்சாயத்து அளவில் சி.டி.எஸ். என்கிற சமூக வளர்ச்சிச் சங்கம் என்று ஒரு ஏணியே இருக்கிறது. அதில் இருங்கள், பதினெட்டிலிருந்து நாற்பது வயசுக்காரர்களுக்குத் தனியாக உள்ள துணைக் குழுவிலும் சேருங்கள். ஆனால் அயல்கூட்டத்தில் சேமிப்பும் கடனும்தான் முக்கியப் பேச்சு. லோன் அடுத்த வாரம் வர வேண்டியிருக்கும்போது பஞ்சாயத்து மேலே குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. கடன் கணக்கு இல்லாத ஒரு இடம் தனியாக வேண்டும். இரண்டும் வேண்டும்.

வராதவர்களைக் கேளுங்கள்

எங்கள் முதல் கூட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு வைத்தோம். ஹால் பிடித்து, அறுபது நாற்காலி போட்டு, வாசலில் கோலம் போட்டுக் காத்திருந்தோம். வந்தது ஏழு பேர், அதில் நாலு பேர் எங்கள் வீட்டுக்காரர்கள். பெண்களுக்கு அக்கறை இல்லை என்று அன்றைக்கு எங்களில் ஒருத்தி சொன்னாள், நானும் தலையாட்டினேன். அன்று சாயங்காலம் மூத்த அக்கா ஒருவர் எங்களை இழுத்துக்கொண்டு வராதவர்கள் வீட்டுக்குப் போனார். முதல் வீட்டு வாசலில் ஒரு அக்கா முழங்கை வரைக்கும் சோப்பு நுரையோடு குந்தி உட்கார்ந்திருந்தார். ஒரு வாரத் துணி, தேயிலைக் கறை பிடித்த சட்டை, பிள்ளைகளின் யூனிபார்ம், மாமியாரின் கம்பளி எல்லாம் மூன்று பக்கெட்டில் ஊறிக்கொண்டிருந்தது. துணியைக் கல்லில் போட்டபடியே சொன்னார்: "கூப்பிட்டது நல்லதுதான் பாப்பா. ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கு வர்றவ வீட்டுல துணி துவைக்க வேற ஆள் இருக்கணும்ல?"

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். நீங்கள் எந்த நேரம் வைக்கிறீர்களோ, அந்த நேரமே யார் வரலாம், யார் வர முடியாது என்று முடிவு செய்துவிடுகிறது. ஞாயிறு துவைக்கிற நாள், விறகு பொறுக்குகிற நாள், கோயிலுக்கும் சர்ச்சுக்கும் போகிற நாள், டவுனில் சாமான் வாங்குகிற நாள். நாங்கள் பத்து வீட்டில் கேட்ட பிறகு கூட்டத்தை வேலை நாளுக்கு மாற்றினோம். சாயங்காலம் வேலை முடிந்து, இலை எடை போட்டு, கிரெச்சில் பிள்ளையை எடுக்க எல்லோரும் எப்படியும் அந்தப் பக்கம் வருவார்கள். அங்கேயே, ஐந்தேகாலுக்குத் தொடங்கி ஆறேகாலுக்கு முடிக்கிற மாதிரி, ஒரே ஒரு மணி நேரம். அடுத்த தடவை முப்பத்தெட்டுப் பேர். இடுப்பில் கட்டின பிளாஸ்டிக் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்து உட்கார்ந்தார்கள்.

ஆறேகால் என்றால் ஆறேகால்தான். பேச்சு நன்றாகப் போகிறதே என்று இழுக்காதீர்கள். இருட்டினால் யானை நடமாட்டம், அதை விட வீட்டில் கேள்வி. ஒரு தடவை லேட்டாகி வீட்டில் அடி வாங்கினவர் அடுத்த தடவை வர மாட்டார், அந்த அடிக்கு நாமும் பொறுப்பு.

பிள்ளைகள் கூடவே வரும், வரட்டும். பெரிய பையன்கள் ரெண்டு பேரிடம் பொறுப்பைக் கொடுத்து ஒரு ஓரமாக விளையாட விடுங்கள். கட்டன் சாயாவும் பன்னும் இருந்தால் போதும், ஆனால் அதைப் போட்டுக் கொடுப்பவர் கூட்டத்தில் இருக்க வேண்டிய பெண்ணாக இருக்கக் கூடாது. உங்கள் அண்ணனை, தம்பியைக் கூப்பிட்டு டீ போடச் சொல்லுங்கள். பத்து நிமிஷ வேலைதான், பார்க்கிற சின்னப் பிள்ளைகளுக்கு அது பதியும்.

பேச்சாளர் வேண்டாம், பொட்டு வாங்குங்கள்

முதல் கூட்டத்துக்கு வெளியிலிருந்து யாரையும் பேசக் கூப்பிடாதீர்கள், என்னையும்தான். நாங்கள் செய்கிற ஒன்றைச் சொல்கிறேன், செலவு ஐம்பது ரூபாய்க்குள் முடியும். ஒரு பெரிய சார்ட் பேப்பரைத் தரையில் விரித்து நம்ம இடத்தின் படத்தை எல்லோருமாக வரைவது: லயங்கள், தண்ணீர்க் குழாய், கக்கூஸ், பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, கள்ளு ஷாப், பள்ளிக்கூடம், குறுக்குப் பாதை. அப்புறம் ஆளுக்கு ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு. எந்த இடத்தில் பயமாக இருக்கிறதோ அங்கே சிவப்புப் பொட்டு, எந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிம்மதியாக உட்கார முடிகிறதோ அங்கே பச்சைப் பொட்டு.

யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் உள்ள வசதி. எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதும் இல்லை. எங்கள் இடத்தில் இதைச் செய்தபோது முதல் பத்து நிமிஷம் ஒருவரும் அசையவில்லை. அப்புறம் பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் பஸ் ஸ்டாப்புக்கும் லயத்துக்கும் நடுவில் உள்ள வளைவில் ஒரு சிவப்பை ஒட்டினாள். பக்கத்தில் அவள் அம்மா ஒட்டினார். ஐந்து நிமிஷத்தில் அந்த வளைவே தெரியாத அளவுக்கு அங்கே பொட்டு நிறைந்துவிட்டது, ஒன்றின் மேல் ஒன்றாக. அந்த வளைவில் லைட் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் எல்லோருக்கும் பயம் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. பச்சைப் பொட்டுதான் எனக்கு ரொம்ப நேரம் மனசில் நின்றது. முப்பத்தெட்டுப் பேரில் பச்சை ஒட்டியது ஒன்பது பேர், அதில் ஆறு குழாயடியில்.

இந்தப் படத்திலிருந்து ஒரே ஒரு கோரிக்கையை எடுங்கள். ஒன்றுதான். லைட், கக்கூஸ், பஸ் நேரம், கிரெச்சில் ஒரு ஆயா, இப்படி ஆறு மாசத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று. சின்ன விஷயமாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைப் பெண்களுக்கு மூத்திரம் போக இடம் கிடையாது, நாள் முழுக்க உட்காரக் கூடாது. தையல் வேலை செய்த விஜி என்பவரும் அவரோடு சேர்ந்த பெண்களும் "பெண்கூட்டு" என்று கூடி முதலில் கேட்டது கக்கூஸ்தான். அதிலிருந்து உட்காரும் உரிமைக்கு வந்தார்கள். 2018-இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கை தர வேண்டும் என்று எழுதியது, 2021-இல் தமிழ்நாடும் அதே மாதிரி திருத்தம் கொண்டுவந்தது. இன்றைக்குத் தேனியிலோ போடியிலோ ஒரு துணிக்கடைப் பெண்ணுக்குச் சட்டப்படி ஸ்டூல் கிடைக்கிறது என்றால் அந்தப் பாதையில் முதலில் நடந்தவர்கள் ஒரு மூத்திரப்புரை கேட்ட பெண்கள்.

கிராமசபைக்குப் போவது

இதுதான் புதியவர்களுக்குத் தெரியாத, ஆனால் ரொம்பப் பலம் உள்ள வழி, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1994-ஆம் வருஷத்துக் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராமசபை உண்டு, வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள எல்லோரும் அதில் உறுப்பினர். மூன்று மாசத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும். கூட்டுவது வார்டு மெம்பரின் பொறுப்பு. வாக்காளர்களில் பத்து சதவீதம் பேர் எழுத்தில் கேட்டால், என்ன பேச வேண்டும் என்பதையும் சேர்த்துக் கொடுத்தால், சிறப்புக் கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். வார்டில் 900 வாக்காளர் இருந்தால் 90 கையெழுத்து. நாலு லயம் ஏறி இறங்கினால் கிடைத்துவிடும்.

மனுவைத் தமிழில் எழுதுங்கள். தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுகாக்களிலும் பாலக்காட்டுச் சித்தூரிலும் இருப்பவர்கள் சிறுபான்மை மொழிக்காரர்கள் என்ற முறையில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம், பதிலையும் தமிழில் கேட்கலாம். 1969-ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டத்திலேயே அது இருக்கிறது. மலையாளத்தில் கொண்டுவா என்று ஒரு அலுவலகத்தில் என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், அன்றைக்கு எனக்கு இந்தச் சட்டம் தெரியாது, தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். நீங்கள் அப்படி வர வேண்டாம். மலையாளம் தெரிந்தவர் இருந்தால் கூடவே ஒரு மலையாளப் பிரதி வையுங்கள், வேலை சீக்கிரம் நடக்கும், ஆனால் தமிழ்ப் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள்.

மனுவில் "எங்கள் பகுதியில் பெண்களுக்குப் பாதுகாப்பு இல்லை" என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. எந்த வளைவு, எந்தப் போஸ்ட்டுக்கும் எந்தப் போஸ்ட்டுக்கும் நடுவில், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அதில் இறங்கும் பெண்கள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். பொட்டு ஒட்டின படத்தைப் போட்டோ எடுத்து இணையுங்கள். இன்னொன்று, பஞ்சாயத்தின் திட்டப் பணத்தில் பத்து சதவீதமாவது பெண்களுக்கான திட்டங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது தொண்ணூறுகளில் கேரளத்தில் வந்த ஜனகீயத் திட்டம் என்கிற மக்கள் திட்டக் காலத்திலிருந்தே உள்ள நடைமுறை. இந்த வருஷம் அந்தப் பணத்தை எதற்குச் செலவழித்தீர்கள் என்று கிராமசபையில் எழுந்து கேளுங்கள். ஒரே ஒரு கேள்வி, கோபமே இல்லாமல், பேப்பரைப் பார்த்து வாசித்தால்கூடப் போதும். முதல் தடவை கை நடுங்கும். கூட இருவர் எழுந்து நின்றால் நடுக்கம் குறையும், அதனால் யார் கேட்பது, யார் பக்கத்தில் நிற்பது என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

எஸ்டேட் ரோடும் லயமும் கம்பெனி இடத்தில் இருப்பதால் "அது எங்க வேலை இல்லை" என்று பஞ்சாயத்து சொல்லும், "பஞ்சாயத்திடம் கேளுங்க" என்று எஸ்டேட் ஆபீஸ் சொல்லும். இது எல்லா டிவிஷனிலும் நடக்கிற கதை. ரெண்டு இடத்துக்கும் ஒரே நாளில் ஒரே மனுவைக் கொடுத்து, ஒன்றில் மற்றதன் நகலை வைத்துவிடுங்கள்.

2015-ஐப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த மலையில் பெண்கள் கூட்டம் என்று பேச்செடுத்தால் 2015-இல் தோட்டப் பெண்கள் தாங்களே சேர்ந்து நடத்திய பெம்பிளை ஒருமையை, அதாவது பெண்கள் ஒற்றுமையை, சொல்லாமல் இருக்க முடியாது. இப்போது கல்லூரி முடித்து வருகிற பிள்ளைகள் அன்று பத்துப் பன்னிரண்டு வயதில் இருந்தவர்கள், பாதி பேருக்கு முழு விவரம் தெரியவில்லை. அப்போது கண்ணன் தேவன் தோட்டங்களில் ஒரு நாள் கூலி 232 ரூபாய். போனஸைப் பத்து சதவீதமாக அறிவித்தார்கள். பெண்கள் இருபது சதவீதம் கேட்டு வேலையை நிறுத்திவிட்டு மூணாறு டவுனில் ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள், ஆறாயிரம் பேர் வரை. தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்திலேயே வரவிடவில்லை. ஒன்பது நாள். கடைசியில் 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கூடுதல் தொகை, மொத்தம் கேட்ட இருபது. அக்டோபரில் கூலி 301 ஆனது. அவர்கள் கேட்டது 500.

என் அம்மா வீட்டிலிருந்து ஒரு பழைய கம்பளியும் தூக்குவாளியில் கஞ்சியும் எடுத்துக்கொண்டு போனார். அந்த நாட்களைப் பற்றி அவர் அதிகம் சொல்வது போனஸைப் பற்றி இல்லை. "கூடச் சேர்ந்து உட்கார்ந்து பேச இவ்வளவு நேரம் அதுக்கு முன்னாடி எப்பவும் கிடைச்சதில்லை" என்பார். முப்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவர்கள்.

அதில் புதியவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய. நவம்பரிலேயே உள்ளாட்சித் தேர்தலில் நின்று ஜெயித்தார்கள், அது பெரிய விஷயம். ஆனால் கேமரா வந்ததும் ரெண்டு மூன்று முகங்கள் மட்டும் முன்னால் வந்தன, பிறகு தலைமைக்குள் பிளவு வந்தது, சங்கங்களும் கட்சிகளும் நாலா பக்கமும் இழுத்தன. அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனசு இல்லை, அவர்கள் மேல் விழுந்த சுமை சாதாரணமானது இல்லை. நாங்கள் அதிலிருந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம்: பேட்டி என்று யார் வந்தாலும் ரெண்டு பேராகத்தான் பேசுவோம், ஒரு தடவை பேசினவர் அடுத்த தடவை பேசக் கூடாது. கூட்டம் நடத்துபவரும் மாசாமாசம் மாறுவார். முதல் மூன்று மாசம் தடுமாறும், சமாளிக்கலாம்.

கட்சி, சங்கம், வீடு

பந்தல் போட்டுத் தருகிறோம், சாப்பாடு தருகிறோம், நோட்டீஸில் எங்க பேர் மட்டும் போடுங்கள் என்று வருவார்கள். வாங்காதீர்கள். தனிப்பட்ட முறையில் எந்தப் பெண்ணும் எந்தக் கட்சியிலும் சங்கத்திலும் இருக்கலாம், கூட்டத்துக்குக் கொடியோடு வரக் கூடாது, அவ்வளவுதான். ஆளுக்குப் பத்து ரூபாய் வசூலித்துக் கணக்கைக் கிரெச் சுவரில் ஒட்டுங்கள். பத்து ரூபாய் கொடுக்க முடியாதவர் வந்தால் கேட்காமல் விட்டுவிடுங்கள்.

பெண்ணியம் என்கிற வார்த்தையைச் சொல்லலாமா என்று கேட்கிறார்கள். சொல்லலாம், எனக்கு அதில் ஒளிவு மறைவு இல்லை. ஆனால் வார்த்தையை விளக்குவதிலேயே முதல் ஒரு மணி நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

ஜாதியைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். நம்ம எஸ்டேட் மக்களில் பெரும்பாலோர் தலித்துகள், ஆனாலும் "நாம எல்லாரும் பெண்கள்தானே" என்று சொல்லி ஜாதிப் பேச்சை அமுக்குகிறவர்கள் கூட்டத்துக்குள்ளேயே இருப்பார்கள். யார் கொண்டுவந்த பலகாரம் தொடப்படாமல் திரும்பிப் போகிறது என்று கவனியுங்கள். எங்கள் கூட்டத்தில் அப்படி ஒரு தடவை ஒரு டிபன் பாக்ஸ் முறுக்கு அப்படியே இருந்தது, கொண்டுவந்த அக்கா பேசாமல் மூடியைப் போட்டு எடுத்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தை அதைப் பற்றித்தான் நடத்தினோம், ரெண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியே போனார்கள், ஒருத்தர் மூன்று மாசம் கழித்துத் திரும்பி வந்தார். பிள்ளைகளின் ஜாதிச் சான்றிதழும் அம்மாக்கள் பேச்சில் வந்துகொண்டே இருக்கும். 1950-க்கு முன்னாலிருந்தே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்பதால் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சலுகை கைநழுவிப் போகிறது. அதைப் பெண்கள் பிரச்சனை இல்லை என்று தள்ளாதீர்கள், வில்லேஜ் ஆபீஸுக்கு லீவு போட்டு நடக்கிறவர் அம்மாதான்.

இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த பெண்கள் நம்ம பக்கத்து லயத்தில் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள், ஹிந்தி தெரிந்த ஒருத்தரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பொட்டுப் படத்துக்கு மொழி வேண்டாம்.

மார்ச் 8 அன்று

ரோட்டில் கூட்டம் போட வேண்டாம். பொதுவழியில் கூட்டமும் ஊர்வலமும் நடத்துவதைக் கட்டுப்படுத்தக் கேரளத்தில் 2011-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. கிரவுண்ட், பள்ளி மைதானம், ஹால் எதுவானாலும் இடத்துக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மைக் வைப்பதாக இருந்தால் போலீஸ் ஸ்டேஷனில் மைக் பெர்மிஷன் வேண்டும், ஒரு வாரம் முன்பே மனுக் கொடுங்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மைக் இல்லாமலே நடத்தினால் இன்னும் நல்லது, ஐம்பது பேருக்கு எதற்கு மைக்?

பேனருக்கு ஃப்ளெக்ஸ் அடிக்காதீர்கள், கேரளத்தில் 2019-இலேயே அதற்குத் தடை. பழைய பருத்திச் சேலை ஒன்றை எடுத்துத் தரையில் விரித்து, நாலு மூலையிலும் கல்லை வைத்து, பெயின்ட்டால் எழுதுங்கள். கிழிசல் இருந்தால் முதலில் தைத்துவிடுங்கள், பெயின்ட் அந்த வழியாகத் தரையில் இறங்கும். எழுத்துத் தெரியாத அக்காக்களிடம் பிரஷ்ஷைக் கொடுத்து எழுத்துக்குள் நிறம் நிரப்பச் சொல்லுங்கள். எங்களிடம் நாலு சேலை அப்படி இருக்கிறது, ஒவ்வொன்றும் யாருடைய சேலை என்று எல்லோருக்கும் தெரியும்.

பெண்களுக்கான கக்கூஸ் இல்லாத இடத்தில் பெண்கள் தினம் நடத்தாதீர்கள். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, முதல் நாளே போய்ப் பாருங்கள். ஜீப் எந்த லயத்துக்கு எத்தனை மணிக்கு, திரும்ப எத்தனை மணிக்கு என்று எழுதி ஒட்டுங்கள்.

இரவில் சேர்ந்து நடப்பது எனக்கு ரொம்பப் பிடித்த நிகழ்ச்சி. 2019 டிசம்பர் 29 ராத்திரி 11 மணிக்கு மேல் கேரளம் முழுக்கப் பெண்கள் நடந்தார்கள், அரசின் பெண்கள் குழந்தைகள் துறையே ஏற்பாடு செய்தது, "பொது இடம் என்னுடையதும்" என்று பேர். நம்ம மலையில் 11 மணி என்றால் யானைப் பயம். நாங்கள் ஏழு மணிக்குப் பஸ் ஸ்டாப்பிலிருந்து லயம் வரைக்கும் டார்ச்சோடு நடக்கிறோம், அந்த வளைவில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போகிறோம். வனத்துறை வாட்சரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஜூனிலிருந்து மழைக்காலம் முடியும்வரை இதெல்லாம் வேண்டவே வேண்டாம். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் லயங்கள் மேல் மலை சரிந்து எழுபது பேர் போனார்கள். மழை ராத்திரியில் யாரையும் வீட்டை விட்டு வெளியே நிற்க வைக்கும் எந்த நிகழ்ச்சியும் நமக்கு வேண்டாம்.

போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள் இருப்பார்கள். எங்களில் போட்டோ வேண்டாம் என்பவர்கள் இடது பக்கம் உட்காருவது பழக்கம், கேமரா அந்தப் பக்கம் திரும்பாது. வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே ஒரு படம் பரவினதால் ஒரு பெண் ரெண்டு வாரம் வீட்டை விட்டு வர முடியாமல் போனது எனக்குத் தெரியும்.

ஒரு பெண் உங்களிடம் வந்து சொன்னால்

கூட்டம் தொடங்கிய சில மாசத்தில் இது நடக்கும். எல்லோரும் போன பிறகு ஒருத்தர் டம்ளர் கழுவுகிற சாக்கில் நிற்பார். அப்போது அவசரப்படாதீர்கள், புத்தி சொல்லாதீர்கள், "ஏன் இத்தனை நாள் சொல்லல" என்று கேட்கவே கேட்காதீர்கள். இப்போது உடம்புக்கு ஆபத்து உண்டா, இன்று ராத்திரி தூங்க இடம் உண்டா, இந்த ரெண்டை மட்டும் முதலில் கேளுங்கள். அடுத்து என்ன என்பதை அவர் சொல்ல வேண்டும். கம்பெனி வீடு வேலையோடு சேர்ந்தது, வேலை போனால் லயமும் போகும், அதனால்தான் பலர் வருஷக்கணக்கில் வாயைத் திறப்பதில்லை. கோழை என்று யாரும் அவரைச் சொல்லிவிடக் கூடாது.

உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இந்த நம்பர்கள் இருக்கட்டும்: பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112, குழந்தைகள் என்றால் 1098, இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, தாலுகா சட்ட சேவைக் குழுவில் கேட்கலாம். வீட்டு வன்முறைக்கு 2005-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது, வீடு யார் பேரில் இருந்தாலும் மனைவியை அப்படியே தெருவில் தள்ள முடியாது, மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். வேலை இடத்தில் தொல்லை என்றால் 2013-ஆம் வருஷத்துச் சட்டம்: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், அதற்குக் குறைவான இடத்துக்கும் வீட்டு வேலைக்காரர்களுக்கும் முதலாளி மீதே உள்ள புகாருக்கும் மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு. மூன்று மாசத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாசம் தருவார்கள். பஞ்சாயத்தில் பெண்கள் பாதுகாப்புக்கான ஜாக்ரதா சமிதி என்கிற குழு, மாவட்டத்தில் குடும்பஸ்ரீயின் சினேகிதா உதவி மையம், இவையும் உண்டு. நம்ம இடுக்கி மாவட்டக் கலெக்டரேட் பைனாவில், போய்வர ஒரு நாள் கூலி போகும். கூட ஒருத்தர் போங்கள், பஸ் செலவைக் கூட்டத்துக் கணக்கிலிருந்து கொடுங்கள்.

பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் நாமாக மறைத்து வைக்க முடியாது. 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி போலீஸுக்கோ குழந்தைகள் உதவிக்கோ சொல்லியாக வேண்டும். இதை முதல் கூட்டத்திலேயே எல்லோருக்கும் தெரியப்படுத்துங்கள், பின்னால் யாரும் "உங்களை நம்பிச் சொன்னேனே" என்று உடையக் கூடாது. பாதிக்கப்பட்டவரின் பேர், போட்டோ, எந்த லயம் என்பது எதுவும் கூட்டத்து நோட்டில் வரக் கூடாது, போனில் அனுப்பக் கூடாது. வெளியிடுவது சட்டப்படிக் குற்றமும்கூட.

நோட்டு

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, இடம், எத்தனை பேர், என்ன முடிவு, யார் எதைச் செய்வதாகச் சொன்னார்கள், எவ்வளவு செலவு. இதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போடுங்கள்: போன தடவை வந்து இந்தத் தடவை வராதவர்கள். கூட்டம் முடிந்த மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் அந்த வீடுகளுக்கு முன்னால் நின்று "என்ன அக்கா, நேத்து காணோம்?" என்று மட்டும் கேளுங்கள். எங்கள் நோட்டில் அந்தப் பத்தியில் உள்ள காரணங்கள்: பிள்ளைக்குக் காய்ச்சல், செருப்பு அறுந்தது, மாமியார் விழுந்துவிட்டார், அவர் விடல, மறந்துட்டேன், அன்னிக்கு யாரோ என் பேச்சை நடுவுல நிறுத்துனாங்க. கடைசிக் காரணத்தைச் சொன்ன அக்கா வீட்டுக்கு நான் மூன்று தடவை போனேன், நடுவில் நிறுத்தியது நான்தான். வளைவில் லைட் போட்ட அன்று அவர்தான் ஸ்விட்சைப் போட்டார்.